புண்பட்ட மனமும் சட்டத்தின் எல்லையும்: 1927 முதல் இன்றுவரை ஒரு வரலாற்றுப் பார்வை

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது இளைஞர்கள் சிலர் கைபேசியை நீட்டி, "இதைப் பாருங்கள், நம்மை எப்படி எழுதியிருக்கிறார்கள்!" என்று கேட்பது இப்போது அடிக்கடி நிகழ்கிறது. அவர்கள் முகத்தில் தெரிவது பொய்க் கோபம் அன்று. உயிரினும் மேலாக நேசிக்கும் பெருமானார் (ஸல்) அவர்களையோ, மார்க்கத்தையோ ஒருவன் இழிவாகப் பேசினால் உள்ளம் வேதனைப்படத்தான் செய்யும். ஆனால் அந்த வேதனையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய வேண்டும்? எதுவரை செல்லலாம்? எங்கே நிற்க வேண்டும்? இதற்கு உணர்ச்சியால் விடை காண இயலாது. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே சிறந்த வழியாகும்.

பந்தலூரில் வாழும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. தங்கம் தேடி வந்த ஆங்கிலக் கம்பெனிகள் ஏமாந்து திரும்பிய மண் இது. பின்னர் தேயிலை வந்தது. பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வயநாட்டுச் செட்டிமாரும் முன்பிருந்தே வாழ்ந்த இம்மலையில், மலபாரிலிருந்து மாப்பிள்ளைமார் வந்தனர். சமவெளித் தமிழர் வந்தனர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வந்தனர். ஒரே தேநீர்க் கடையில் தமிழும் மலையாளமும் மாறி மாறி ஒலிக்கின்றன. ஒரு மொழியில் இயல்பான சொல் மற்றொன்றில் வசவாக ஒலிப்பதும் உண்டு. "சிலோன்காரன்" என்ற ஒற்றைச் சொல், பல தலைமுறைகளாக இரத்தமும் வியர்வையும் சிந்திய மக்களின் நெஞ்சில் எவ்வளவு காலம் முள்ளாகத் தைத்தது என்பதை நம்மில் மூத்தோர் அறிவர். சொல்லின் வலியை அறிந்த ஊர் நம்முடையது. அதே சமயம், அச்சொற்களையும் தாண்டி ஒன்றாக வாழக் கற்ற ஊரும் நம்முடையதுதான்.

லாகூரில் பிறந்த ஒரு சட்டப்பிரிவு

மத உணர்வைப் புண்படுத்தினால் வழக்குத் தொடரலாம் என்று நாம் அனைவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தச் சட்டம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வழிபாட்டுத் தலங்களைச் சேதப்படுத்துவதும், மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் ஒருவர் காதில் விழும்படி பேசுவதும் குற்றங்களாக இடம்பெற்றிருந்தன. அச்சிட்ட எழுத்தின் வழியாக ஒரு மதத்தை இழிவுபடுத்துவதற்கெனத் தனிப் பிரிவு அதில் இல்லை.

1920களில் பஞ்சாபில் ஒருவர் மதத்தை மற்றவர் தாக்கும் துண்டு நூல்கள் இரு தரப்பிலிருந்தும் வெளிவந்துகொண்டிருந்தன. 1924ஆம் ஆண்டு லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர், எழுதியவர் பெயரின்றி ஒரு நூலை வெளியிட்டார். பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லற வாழ்வை இழிவாகச் சித்திரித்த நூல் அது. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். காந்தியடிகள் தமது 'யங் இந்தியா' இதழில் அந்நூலைக் கண்டித்து எழுதினார். அரசு வழக்குத் தொடர்ந்தது. கீழ் நீதிமன்றம் பதிப்பாளருக்குத் தண்டனை விதித்தது. ஆனால் 1927ஆம் ஆண்டு லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுவித்தார். நூல் இழிவானதே, எனினும் இரு சமூகங்களிடையே பகையை வளர்ப்பதைத் தடுக்கும் 153-ஏ பிரிவு, மறைந்துவிட்ட மதத் தலைவர் ஒருவரைப் பற்றிய தாக்குதலுக்குப் பொருந்தாது என்பது அவர் கருத்து.

பஞ்சாபில் பெருங் கிளர்ச்சி மூண்டது. அதன் விளைவாக 1927 செப்டம்பரில் மத்திய சட்டமன்றம் 295-ஏ என்ற புதிய பிரிவை நிறைவேற்றியது. ஒரு வகுப்பாரின் மதத்தையோ மத நம்பிக்கைகளையோ, வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் இழிவுபடுத்துவது குற்றம் என்று அது கூறியது. அன்று இரண்டாண்டுச் சிறை வரை தண்டனை. 1961இல் அது மூன்றாண்டாக உயர்த்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே குற்றம் 299ஆம் பிரிவாக நீடிக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முஸ்லிம்களின் கோரிக்கையால் எழுந்த இம்மசோதா சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, முஸ்லிம் தலைவரான முஹம்மது அலி ஜின்னாவே ஓர் எச்சரிக்கை விடுத்தார். வரலாற்றை ஆய்வோரும், உண்மையைத் தேடுவோரும், ஒரு மதத்தை நேர்மையான எண்ணத்துடன் விமர்சிப்போரும் இச்சட்டத்தால் பாதிக்கப்படாமல் காக்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம். "வேண்டுமென்றே", "தீய நோக்கத்துடன்" என்ற சொற்கள் சட்டத்தில் அமைந்தது இத்தகைய கவலையால்தான்.

சட்டம் வந்ததால் வெறுப்பு அடங்கியதா? இல்லை. 1929 ஏப்ரலில் இல்முத்தீன் என்ற இளைஞர் ராஜ்பாலை அவர் கடையிலேயே குத்திக் கொன்றார். மேல்முறையீட்டில் ஜின்னா வாதாடியும் பயனில்லை. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று மியான்வாலி சிறையில் இல்முத்தீன் தூக்கிலிடப்பட்டார். இரு குடும்பங்கள் அழிந்தன. அந்த இழிவான நூலின் பெயரோ மறையவில்லை. கோபத்தால் எதைப் புதைக்க விரும்பினார்களோ, அதற்கே அக்கோபம் விளம்பரமாக அமைந்தது.

விடுதலைக்குப் பின்

சென்னை மாநில அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இதழைத் தன் எல்லைக்குள் நுழையாதபடி தடுத்தபோது, 1950ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு வழங்கும் பேச்சுரிமைக்கு அது ஒரு தொடக்கத் தூணாகும். மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றது. உரிமையும் கட்டுப்பாடும் அன்று முதல் ஒரே பிரிவின் இரு பகுதிகளாக நிற்கின்றன.

1957இல் ராம்ஜிலால் மோடி என்ற பத்திரிகையாசிரியரின் வழக்கில் 295-ஏ செல்லும் என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆனால் எல்லையையும் வகுத்தனர். கவனக் குறைவாலோ, தீய எண்ணமின்றியோ ஒருவர் மற்றவர் மதத்தை அவமதித்துவிட்டால் அது இப்பிரிவில் வராது. திட்டமிட்ட, தீய நோக்கமுள்ள, கடுமையான அவமதிப்பே வரும். ஆக, "என் மனம் புண்பட்டது" என்பது மட்டும் குற்றத்தை நிறுவிவிடாது. சொன்னவரின் நோக்கமும் பார்க்கப்பட வேண்டும். நீதிமன்றம் இவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதியும் தேவை.

தமிழகத்திலும் ஒரு வழக்கு நடந்தது. 1953ஆம் ஆண்டு திருச்சியில் தந்தை பெரியார் பொதுமக்கள் முன்னிலையில் பிள்ளையார் சிலையை உடைத்தார். தொடர்ந்த வழக்கில் கீழ் நீதிமன்றங்கள், அது கோயிலில் வழிபடப்பட்ட சிலையன்று, களிமண் பொம்மையே என்று புகாரைத் தள்ளின. 1958இல் உச்சநீதிமன்றம் அவ்விளக்கம் மிகக் குறுகியது என்றது. எந்தப் பிரிவினரின் புனித உணர்வையும் நீதிமன்றங்கள் மதிக்க வேண்டும் என்றது. ஆனாலும் ஐந்தாண்டுகள் கழிந்துவிட்ட நிலையில் வழக்கை மீண்டும் கிளற மறுத்து, மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பெரும்பான்மை மக்கள் பெரியாரின் சொல்லையும் செயலையும் கேட்டும் கண்டும் வாழ்ந்தனர். அவரும் ஊர் ஊராகப் பேசினார். இந்த அமைதி எளிதில் கிடைத்ததன்று என்பதை நாம் மறக்கலாகாது.

கலவர மிரட்டலுக்குப் பணியலாமா?

இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்திற்கு வழங்கப்பட்ட தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் கிளர்ச்சி வெடிக்கும் என்று தமிழக அரசு வாதிட்டது. 1989 மார்ச் 30 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டிப் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது. அவ்வாறு செய்வது மிரட்டுவோரிடம் சட்டத்தை ஒப்படைப்பதாகும். பேசுவோரைக் காப்பதே அரசின் கடமை என்றது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறியைப் போல, சொல்லுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தாலன்றித் தடை கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எனினும் இப்பாடத்தை நம் மாநிலம் பல முறை மறந்தது. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' திரைப்படத்தை முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. அவ்வெதிர்ப்பின் பின்னே நியாயமான மனக்குறை இருந்தது. திரையில் தாடியும் தொப்பியும் தோன்றினாலே அவன் தீவிரவாதி என்று காட்டும் போக்கு நம் பிள்ளைகளின் மனத்தை எவ்வளவு வாட்டியது என்பதை நாமறிவோம். ஆனால் மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையுத்தரவு பிறப்பித்து, தணிக்கை பெற்ற படத்தை நிறுத்தினர். வழக்குகள் நடந்தன, பேச்சுவார்த்தை நடந்தது, சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் வெளியாயிற்று. பெரும் வெற்றியும் பெற்றது. நாம் சொல்ல விரும்பிய மனக்குறையோ பின்னுக்குத் தள்ளப்பட்டு, "தடை கேட்டவர்கள்" என்ற பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அடுத்து நடந்தது இன்னொரு சமூகத்தாரின் கோபம். பெருமாள்முருகன் 2010இல் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, அந்தச் சமாதான ஒப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காத நூலைப் படிக்காமல் விடும் உரிமை வாசகருக்கு உண்டு என்றும் கூறி, எழுத்தாளரை மீண்டும் எழுதப் பணித்தது.

ஒன்றைச் சிந்தியுங்கள். 'விஸ்வரூப'த்திற்குத் தடை கேட்ட நாம், 'மாதொருபாக'னைத் தடுத்தவர்களை எந்த வாயால் குறை கூற முடியும்? இன்று நாம் கையிலெடுக்கும் கருவி நாளை நம்மை நோக்கித் திரும்பும். எண்ணிக்கையில் சிறுபான்மையாக வாழும் ஒரு சமூகத்திற்குப் பேச்சுரிமையே முதல் கேடயம். நம் குர்ஆன் மொழிபெயர்ப்பும் பிரசுரங்களும் மேடைப் பேச்சும், பிற மதக் கொள்கைகளோடு நாம் கொண்ட கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகவே சொல்கின்றன. "எங்கள் மனம் புண்பட்டது" என்ற ஒரே காரணத்தால் அவற்றையும் தடுக்க முடியுமானால், நம் நிலை என்னவாகும்?

நம் எல்லைக்கு அப்பால் நிகழ்ந்தது

கேரளத்தில் 2010ஆம் ஆண்டு நடந்ததை நம்மால் மறக்க இயலாது. தொடுபுழாவிலுள்ள கல்லூரி ஒன்றின் மலையாளப் பேராசிரியர் டி.ஜே. ஜோசப் தயாரித்த வினாத்தாளில் பெருமானார் (ஸல்) அவர்களை அவமதித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்குப் பதிவாகி, அவர் கைதாகி, சட்டம் தன் வழியில் சென்றுகொண்டிருந்தது. ஆனால் ஜூலை 4 அன்று, தேவாலயத்திலிருந்து குடும்பத்துடன் வீடு திரும்பும் வழியில், ஒரு கும்பல் மூவாற்றுப்புழாவில் அவரது வலது கையை வெட்டியது. அதன் பின் அவர் வேலையும் பறிபோயிற்று. 2013இல் நீதிமன்றம் அவதூறு வழக்கிலிருந்து அவரை விடுவித்தது. 2014இல் அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். வெட்டியவர்கள் 2015லும் 2023லும் தண்டிக்கப்பட்டனர்.

அவருக்கு இரத்தம் தேவைப்பட்டபோது கொடுக்க முன்வந்தவர்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தனர். பெருமானாரின் பெயரைக் காத்தவர்கள் வெட்டியவர்களா, இரத்தம் கொடுத்தவர்களா?

ஹுதைபிய்யா கற்பிப்பது

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், உம்ராச் செய்யச் சென்ற முஸ்லிம்களை மக்காவாசிகள் ஹுதைபிய்யாவில் தடுத்தனர். உடன்படிக்கை எழுதப்பட்டது. அலீ (ரலி) அவர்கள் "அல்லாஹ்வின் தூதர்" என்று எழுதியபோது, குறைஷிகளின் தூதர் சுஹைல் இப்னு அம்ர் மறுத்தார். உம்மைத் தூதர் என்று ஏற்றிருந்தால் உம்மோடு போரிட்டிருப்போமா என்று கேட்டார். ஒரு முஸ்லிமுக்கு இதைவிடப் புண்படுத்தும் மறுப்பு வேறேது? அலீ (ரலி) அவர்களால் அச்சொல்லை அழிக்க மனம் வரவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களே அதை அழித்து, "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது" என்று எழுதச் செய்தார்கள். இரண்டே ஆண்டுகளில் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. அந்த சுஹைலும் பின்னாளில் இஸ்லாத்தை ஏற்றார்.

பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று அன்ஆம் அத்தியாயம் நம்மைத் தடுக்கிறது. இறைவசனங்கள் கேலி செய்யப்படும் அவையில், அப்பேச்சு மாறும் வரை உட்காராதீர்கள் என்று நிஸா அத்தியாயம் வழிகாட்டுகிறது. அங்கே சொல்லப்படுவது எழுந்து செல்லுதல். அடித்து நொறுக்குதல் அன்று.

ஜமாஅத்தின் கையிலுள்ள அதிகாரம்

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். நம்மைப் பற்றியும் பேச வேண்டும். தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல், தமிழ் இலக்கிய உலகம் அறிந்தவர். அவரது 'மைலாஞ்சி' கவிதைத் தொகுப்பும் பின்னர் ஒரு கட்டுரையும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. 2007இல் அவர் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். 2017இல் அவர் காலமானார். அவர் எழுதியதை ஏற்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை; தவறெனக் கருதியோர் மறுத்து எழுதியிருக்கலாம், எழுதவும் செய்தனர். ஆனால் ஊர்விலக்கம் மறுப்பாகாது. அது எழுதியவரோடு நிற்பதுமில்லை. நிக்காஹ் பதிவேடும் கபரஸ்தானும் ஜமாஅத்தின் கையில் உள்ளன. ஒரு மனிதனின் எழுத்துக்காக அவன் மகளின் திருமணத்திலும், அவன் தாயின் ஜனாஸாவிலும் தண்டனையை இறக்குவது நீதியா?

இதைச் சொல்லும்போது எல்லாவற்றையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். கொள்கையை விமர்சிப்பது வேறு. மக்களைக் கொல்லவும் விரட்டவும் புறக்கணிக்கவும் தூண்டுவது வேறு. முன்னதைப் பொறுக்கலாம், பின்னதைப் பொறுக்க வேண்டியதில்லை. வெறுப்புப் பேச்சுக்கு எவரது புகாருக்கும் காத்திராமல், பேசியவரின் மதம் பாராமல் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 அக்டோபரில் மூன்று அரசுகளுக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அவ்வழி நமக்குத் திறந்தே இருக்கிறது.

ஆகவே, நம் மஹல்லாவின் சிந்தனைக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: எதையும் முழுதும் படிக்காமல், முழுதும் கேட்காமல் கோபம் கொள்ளக் கூடாது. ஒரு வரியை வெட்டி அனுப்புவோரின் நோக்கத்தையும் ஆராய வேண்டும்.

இரண்டு: இழிவான செய்தியைக் கண்டித்தபடியே பத்துப் பேருக்கு அனுப்புவதும் அதைப் பரப்புவதே. அது நம் கைபேசியோடு நிற்கட்டும்.

மூன்று: கருத்துக்குக் கருத்தாலும், பொய்க்குச் சான்றாலும் விடையளிப்போம். வன்முறைத் தூண்டலுக்கு, ஜமாஅத் நிர்வாகத்தின் வழியாகக் காவல்துறையை அணுகுவோம். தெருவை ஒருபோதும் நீதிமன்றமாக்க வேண்டாம்.

நான்கு: நம் மேடையிலிருந்து பிற சமூகத்தார் போற்றுவனவற்றை ஏசும் சொல் வரக்கூடாது. நமக்குக் கேட்கும் மரியாதையை நாம் முதலில் கொடுக்க வேண்டும்.

ஐந்து: நம்முள் ஒருவர் மாறுபட்ட கருத்தை எழுதினாலோ பேசினாலோ, அவரை அழைத்து அமரவைத்துக் கேட்போம், மறுப்போம். கருத்துக்காக எவரையும் ஊர்விலக்கம் செய்வதில்லை என்பதை நம் ஜமாஅத் பொதுக்குழு தீர்மானமாகவே ஏற்குமானால், அது வரும் தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் நன்கொடையாக அமையும்.

நாளை நாம் சொல்லும் உண்மையும் எவருக்கேனும் கசக்கும். அன்று நம் வாயை எவரும் அடைக்காதிருக்க வேண்டுமானால், இன்று பிறர் வாயை நாம் அடைக்காதிருக்க வேண்டும்.

நாவையும் சினத்தையும் அடக்கி, நீதியில் நிலைத்து நிற்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.